பல்புக்கு ஒரு பாஸ்வேர்டு!

போன தீபாவளி வரை எங்கள் வீட்டில் லைட் போட ஒரு விரல் போதும். தீபாவளிக்கு அப்புறம் மூன்று மாதம் ஒரு செல்போன், ஒரு வை-ஃபை, ஒரு பாஸ்வேர்டு, நல்ல உச்சரிப்பு, முன்ஜென்மப் புண்ணியம் என்று ஐந்து சமாசாரங்கள் தேவைப்பட்டன. ஒன்று குறைந்தாலும் இருட்டு.

இதற்குப் பெயர் ஸ்மார்ட் ஹோம்.

ஆரம்பித்து வைத்தது ஒரு ஐ.டி. நண்பர். அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, 'குட்நைட்' என்று சும்மா காற்றைப் பார்த்துச் சொன்னார். ஹால் லைட் அணைந்தது. ஸ்க்ரீன் தானாக மூடிக்கொண்டது. ஏ.ஸி. 24 டிகிரிக்கு வந்தது. அவருடைய மூன்று வயதுப் பையன் மட்டும் தூங்காமல் சோபாவில் குதித்துக்கொண்டிருந்தான். அதற்கு இன்னும் ஆப் வரவில்லையாம்.

பார்த்துவிட்டு வந்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. ஆன்லைனில் தள்ளுபடி வேறு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பல்ப், இரண்டு ப்ளக், ஏ.ஸி. ரிமோட் மாதிரி நடிக்கும் ஒரு குட்டி உருண்டை, பேசினால் பதில் சொல்லும் ஒரு டப்பா. மொத்தம் 8,640 ரூபாய். நான் பி.காம். என் கணக்கில் இதை மூலதனச் செலவு என்று எழுதினேன். மனைவி அதே தொகையை வாராக்கடன் என்று எழுதினாள். ஆடிட்டர்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடு.

முதல் பல்பை மாட்டி, ஆப்பைத் திறந்து, வீட்டு வை-ஃபை பாஸ்வேர்டைக் கொடுத்தேன். 'தேடுகிறேன்' என்றது. தேடியது. 'கிடைக்கவில்லை' என்றது. எதிரே ஹோல்டரில் தொங்குகிறது பல்ப். கையால் தொட முடிகிறது. ஆப்புக்கு மட்டும் கண்ணில் படவில்லை.

குறிப்புப் புத்தகத்தில் ஒரு வைத்தியம் போட்டிருந்தார்கள். சுவிட்சை ஐந்து தடவை வேகமாகப் போட்டுப் போட்டு அணைக்க வேண்டும். பல்ப் மின்மினி மாதிரி கண் சிமிட்டினால் பழசெல்லாம் மறந்து குழந்தையாகிவிட்டது என்று அர்த்தம். அணைத்தேன், போட்டேன். எண்ணிக்கை தப்பிப்போய் மறுபடி ஒன்றிலிருந்து. ராத்திரி பத்தரை மணிக்கு எதிர் ஃப்ளாட்காரர் கதவைத் தட்டினார்.

"என்ன ஸார், வோல்ட்டேஜ் பிரச்னையா? எங்க வீட்ல நல்லாத்தானே வருது?"

மறுநாள் நண்பருக்கு போன் செய்ததில் விஷயம் புரிந்தது. வீட்டு வை-ஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது டவுன் பஸ் மாதிரி. மெதுவாகத்தான் போகும், ஆனால் சந்து பொந்தெல்லாம் நுழையும். 5 கிகாஹெர்ட்ஸ் பாயிண்ட் டு பாயிண்ட் பஸ். பறக்கும், ஆனால் இரண்டு சுவர் வந்தால் சோர்ந்துவிடும். நம் செல்போன் ஆசையாக ஐந்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். மலிவு விலை பல்புக்கும் ப்ளக்குக்கும் பெரும்பாலும் இரண்டரைக்குக் கொஞ்சம் கம்மியானது மட்டும்தான் தெரியும். ரூட்டர் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதால் சில பல்புகள் குழம்பிப் போகின்றன. ரூட்டர் ஸெட்டிங்கில் போய் ஐந்தைப் பத்து நிமிஷம் அணைத்து வைத்தேன். ஒரே தடவையில் பல்ப் ஒட்டிக்கொண்டது. பல்பெல்லாம் மாட்டிய பிறகு ஐந்தைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ரெண்டு ராத்திரித் தூக்கம் கெட்டதற்குக் காரணம் இவ்வளவுதான்.

நான்கு சாமான்கள் நான்கு கம்பெனி. ஆகவே நான்கு ஆப், நான்கு பாஸ்வேர்டு. எல்லாவற்றையும் பேசும் டப்பாவோடு சேர்த்துவைத்தேன். ஜாதகப் பொருத்தம் பார்க்காமல் செய்த கல்யாணம் மாதிரி, ஒன்று பேசினால் இன்னொன்று முறைத்துக்கொண்டது. ஒரு ப்ளக்குக்கு 'ஹால்' என்றும் ஒரு பல்புக்கு 'ஹால் லைட்' என்றும் பெயர் வைத்திருந்தேன். லைட்டை அணைக்கச் சொன்னால் டி.வி. அணைந்தது. கடைசி ஓவர். வீட்டில் நடந்ததை இங்கே எழுத முடியாது.

இந்த வீட்டில் டப்பாவிடம் மரியாதையாக நடந்துகொண்டது அப்பா ஒருவர்தான்.

அப்பாவுக்கு 74 வயசு. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 34 வருஷம். ஜோலார்பேட்டை, அரக்கோணம் என்று சுற்றிவிட்டு ரிடையரானதும் பெரம்பூரில் எங்களோடு இருக்கிறார். டப்பாவின் முன்னால் போய்க் கொஞ்சம் குனிந்து நின்று, "ஏம்மா, ரூம்ல கொஞ்சம் லைட்டு போடும்மா" என்பார். அது வாயைத் திறக்காது. அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் காதைத் திறக்கும் என்று நான் விளக்கினேன்.

"பொம்பளைப் பிள்ளையைப் பேர் சொல்லி அதிகாரமா கூப்பிடணுமா?" என்றார். இருந்தாலும் எனக்காகக் கற்றுக்கொண்டார்.

ஸ்மார்ட் பல்பில் ஒரு சங்கடம் உண்டு. சுவரில் இருக்கும் சுவிட்சை யாராவது அணைத்துவிட்டால் பல்புக்குக் கரண்ட் போய்விடும். கரண்ட் இல்லாத பல்ப் எத்தனை ஸ்மார்ட்டாக இருந்தாலும் பிணம்தான். ஆகவே சுவிட்சுகளை எல்லாம் போட்ட நிலையில் வைத்து, மேலே செல்லோ டேப் ஒட்டி, 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்தேன். சொந்த வீட்டு சுவிட்சுக்கு ஸீல் வைத்த முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் எங்கள் லைட்டுகள் இல்லை, ஃபேன் மட்டும்தான். ரெண்டே காலுக்குக் கரண்ட் வந்தது. வந்ததும் நான்கு பல்பும் முழு வெளிச்சத்தில் எரிந்தன. முகத்தில் யாரோ டார்ச் அடித்த மாதிரி எழுந்து உட்கார்ந்தேன். குழந்தை அழுதது. மனைவி, "விடிஞ்சிருச்சா?" என்றாள்.

"அணை" என்று டப்பாவிடம் கெஞ்சினேன். அது அப்போதுதான் எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தது. கரண்ட் வந்தபின் ரூட்டர் விழித்துக்கொள்ளவே ரெண்டு மூன்று நிமிஷம் ஆகும். பல்புகள் அதற்குள் எழுந்துவிடும். ரூட்டரைத் தேடும். காணவில்லை என்றால் சிலது மறுபடி மறுபடி முயற்சி செய்யும், சிலது கோபித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

பல ஆப்களில் இதற்கு ஒரு ஸெட்டிங் இருக்கிறது. கரண்ட் திரும்ப வந்தால் பல்ப் எரிய வேண்டுமா, இல்லை போவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டுமா என்று கேட்கும். கம்பெனியிலிருந்து வரும்போது பெரும்பாலும் 'எரிய வேண்டும்' என்றுதான் இருக்கும். நான் நான்கு பல்புக்கும் 'முன்பு இருந்தபடியே' என்று மாற்றினேன். பெரிய விஞ்ஞானி மாதிரி தூங்கப் போனேன்.

அந்த மாற்றத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கதையே அதில்தான் இருக்கிறது.

நடுவில் கீஸர் அத்தியாயம் ஒன்று. காலையில் ஐந்தரைக்குத் தானாக வெந்நீர் போட்டு வைக்கலாமே என்று கீஸரின் ப்ளக்கை இந்த ஸ்மார்ட் ப்ளக்கில் சொருகப் பார்த்தேன். பின் பெரியதாக இருந்ததால் நுழையவில்லை. ஒரு அடாப்டர் வாங்கிவரக் கிளம்பினேன். நல்லவேளை, படியில் எங்கள் ஏரியா எலெக்ட்ரீஷியன் எதிரே வந்தார். 

"ஸார், நுழையலைன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும் ஸார். இந்த ப்ளக்கு எத்தனை ஆம்ப்ஸ்?"

"பத்து."

"கீஸரு?"

மூவாயிரம் வாட் என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. 230-ஆல் வகுத்தேன். பதிமூன்று ஆம்பியர். பத்து ரூபாய் உள்ள அக்கவுண்ட்டிலிருந்து பதிமூன்று ரூபாய் எடுத்தால் பாங்க்கில் செக் திரும்பி வரும். இங்கே ப்ளக் உருகும், அப்புறம் சுவர் கருகும். கீஸருக்கும் ஏ.ஸி.க்கும் 16 ஆம்ப்ஸ் தாங்குகிற சாமான்தான் போட வேண்டும். அன்றைக்கு அடாப்டர் வாங்கியிருந்தால் இந்த வாரம் இந்தப் பக்கத்தில் வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இனி அந்த ஜனவரி ராத்திரி.

சாயங்காலம் தெருமுனையில் எதற்காகவோ பள்ளம் தோண்டினார்கள். இன்டர்நெட் ஒயர் அறுந்தது. நாளைக்கு வரும் என்றார்கள். ஒரு நாள் செல்போன் பார்க்காமல் இருந்தால் நல்லதுதான் என்று படுத்துவிட்டோம்.

காலையில் அப்பா காப்பி குடிக்க வரும்போது வலது காலை லேசாக இழுத்துக்கொண்டு வந்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு, வீங்கி நீலம் பாரித்திருந்தது.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்லடா. டீப்பாய்ல லேசா இடிச்சுக்கிட்டேன்."

"எப்ப?"

"ராத்திரி. பாத்ரூம் போறப்ப."

"லைட் போட்டுக்கிட்டுப் போகக் கூடாதா?"

அவர் பதில் சொல்லவில்லை. காப்பியை ஆற்ற ஆரம்பித்தார். மனைவிதான் என் தோளைத் தொட்டு, அப்பா ரூம் சுவிட்சைக் காட்டினாள். செல்லோ டேப் கோணலாக இருந்தது. ஒட்டி, பிரித்து, மறுபடி ஒட்டின டேப்.

மூன்று மணிக்கு எழுந்திருக்கிறார். டப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். இன்டர்நெட் இல்லை என்று அது கை விரித்திருக்கிறது. செல்போன் ஹாலில் சார்ஜில் கிடந்தது. அப்புறம் பயந்துகொண்டே டேப்பைப் பிரித்து, சுவிட்சை அணைத்துப் போட்டிருக்கிறார். பழையபடி இருந்திருந்தால் பல்ப் எரிந்திருக்கும். 'முன்பு இருந்தபடியே' என்று நான் மாற்றி வைத்திருந்தேனே? முன்பு அணைந்திருந்தது. அதனால் அணைந்தே இருந்தது. தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்து, டேப்பைத் திரும்ப ஒட்டிவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டு நடந்திருக்கிறார்.

"எங்களை எழுப்பியிருக்கலாமே மாமா" என்றாள் மனைவி.

"லைட்டு போடறதுக்காமா எழுப்புவாங்க?" என்றார்.

எனக்கு அன்றைக்குக் காப்பி இறங்கவில்லை. இடித்தது டீப்பாயில். தலையில் இடித்திருந்தால்? 74 வயசில் இடுப்பு எலும்பு முறிந்திருந்தால்? என் எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய் மூலதனம் எத்தனை லட்சம் செலவு வைத்திருக்கும்? பாலன்ஸ் ஷீட்டில் இதை எல்லாம் நான் காட்டவே இல்லை.

மத்தியானம் அப்பாவே பேச்சை எடுத்தார். 

"கைகாட்டி பார்த்திருக்கியா? பழைய ஸ்டேஷன்ல எல்லாம் இருக்குமே. கேபின்ல லீவர் இழுத்தா கம்பி இழுபட்டு, கை கீழே இறங்கும். வண்டி போகலாம்னு அர்த்தம். திடீர்னு கம்பி அறுந்து போச்சுன்னா கை என்ன ஆகும் சொல்லு?"

"கீழேயே தொங்கும்."

"அதான் இல்லை. அதுல ஒரு வெயிட்டு கட்டியிருக்கும். கம்பி அறுந்தா அந்த வெயிட்டே கையைத் தூக்கி நேரா நிறுத்திடும். அபாயம், நில்லுன்னு அர்த்தம். கெட்டுப்போகாத சிக்னல் கிடையாதுடா. கெட்டுப்போனா எந்தப் பக்கம் விழணும்னு முதல்லயே யோசிச்சுப் பண்ணியிருக்கான். உன் லைட்டு கெட்டுப்போனா எந்தப் பக்கம் விழணும்னு நீ யோசிச்சியா?"

யோசிக்கவில்லை. குட்நைட் சொன்னால் அணைய வேண்டும் என்பதை மட்டும்தான் யோசித்திருந்தேன்.

உட்கார்ந்து கொஞ்சம் படித்தேன். நான் படுக்கையிலிருந்து 'லைட்டைப் போடு' என்றால், அந்தக் குரல் வீட்டை விட்டு வெளியே போய், எங்கோ இருக்கும் கம்பெனிக் கம்ப்யூட்டரைப் பார்த்து, அங்கிருந்து பல்ப் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அப்புறம் திரும்பி வந்து, ஆறு அடி தள்ளியிருக்கும் பல்பை எரிய வைக்கிறது. அடுத்த வீட்டு மாமியிடம் சர்க்கரை கேட்க டெல்லி வழியாக மனு போடுவது மாதிரி. வழியில் எங்கே பள்ளம் தோண்டினாலும் காப்பியில் சர்க்கரை இல்லை.

நமக்கு மட்டும் நடக்கிற சமாசாரம் இல்லை இது. ரிவால்வ் என்று அமெரிக்காவில் ஒரு கருவி. வீட்டிலிருக்கும் எல்லா சாமான்களையும் ஒன்றாகச் சேர்ப்பது. விலை 300 டாலர். 2014-ல் கூகுளின் நெஸ்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. 2016 மே மாதம் ஸர்வீஸை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் ஒரு டப்பா மிச்சம். 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற கம்பெனியின் ஸர்வர்கள் ஒரு வார்த்தை சொல்லாமல் அணைந்தன. 2025 அக்டோபர் 20-ம் தேதி வர்ஜீனியாவில் இருக்கும் அமேஸானின் கம்ப்யூட்டர் மையத்தில் கோளாறு. உலகம் பூரா எத்தனையோ ஆப்கள் படுத்தன, அலெக்ஸாவும் அதில் ஒன்று.

வழி இல்லாமலும் இல்லை. வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்கிற முறைகள் இருக்கின்றன. ஜிக்பீ என்று ஒன்று. தேனீக்கள் கூட்டில் ஆடி ஆடித் தகவல் சொல்லுமாமே, அதை வைத்துத்தான் அந்தப் பெயர். 2022 அக்டோபரில் மேட்டர் என்று ஒரு பொது பாஷை வந்திருக்கிறது. ஆப்பிள், கூகுள், அமேஸான், ஸாம்ஸங் எல்லாரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒப்புக்கொண்டது. சாமான் வாங்கும்போது அட்டைப் பெட்டியில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். கம்ப்யூட்டரில் கை வைக்கத் தயங்காதவர்களுக்கு 2013-ல் ஆரம்பித்த ஹோம் அஸிஸ்டன்ட் என்ற இலவச ஸாஃப்ட்வேர் இருக்கிறது. சின்ன கம்ப்யூட்டர் ஒன்றில் போட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்.

நான் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். 

"பல்பை ஸ்மார்ட் ஆக்காதீங்க ஸார். சுவிட்சை ஆக்குங்க" என்றார். பல்ப் சாதாரண எல்.இ.டி.யே போதும். சுவிட்சுக்குப் பின்னால், போர்டுக்குள்ளேயே தீப்பெட்டி அளவில் ஒரு ரிலே. ஆப்பிலிருந்தும் போடலாம், சுவரிலிருந்தும் போடலாம். இன்டர்நெட் செத்தாலும், ரூட்டர் செத்தாலும், கம்பெனியே செத்தாலும் சுவரில் தட்டினால் லைட் எரியும்.

போர்டைத் திறந்ததும் டெஸ்டரை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நியூட்ரல் இல்லை. சாதாரண சுவிட்ச் பேஸ் கம்பியை வெட்டி ஒட்டுகிற வேலையை மட்டும்தான் செய்கிறது, அதற்கு நியூட்ரல் தேவையில்லை. பழைய வீடுகளில் பல போர்டுகளுக்கு அதை இழுத்திருக்க மாட்டார்கள். ரிலே அப்படி இல்லை. லைட் அணைந்திருக்கும்போதும் அது விழித்துக்கொண்டிருக்க வேண்டும், அதற்குச் சாப்பாடு வேண்டும். நியூட்ரல் இல்லாமல் வேலை செய்யும் ரகமும் கிடைக்கிறது. அது பல்ப் வழியாகவே கொஞ்சம் கரண்டைத் திருடிச் சாப்பிடும். அதனால் சில சின்ன எல்.இ.டி.க்கள் அணைத்த பின்னும் பேய் மாதிரி மினுக்கும். பல்ப் பக்கத்தில் ஒரு கெபாஸிட்டர் போட்டால் சரியாகும். எங்களுக்குப் பக்கத்து ப்ளக் போர்டிலிருந்தே நியூட்ரல் இழுத்துக் கொடுத்தார். இதெல்லாம் மெயினை அணைத்துவிட்டுத் தெரிந்தவர்கள் செய்யும் வேலை. யூ ட்யூப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை டெஸ்டரோடு ஏணி ஏறாதீர்கள்.

நான் பட்டதை வைத்து உங்களுக்கு ஐந்து வரி. ஒன்று, மாட்டுவதற்கு முன் 2.4-ஆ, 5-ஆ என்று பாருங்கள். இரண்டு, ரூட்டரை இன்வெர்ட்டரில் போடுங்கள். மூன்று, ஒவ்வொரு சாமானுக்கும் ஒன்றோடொன்று ஒட்டாத பெயராக வையுங்கள். நான்கு, கேமரா வாங்கினால் கூடவே வரும் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் இப்படிப் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரூட்டர்களையும் படையாகத் திரட்டித்தான் அக்டோபரில் அமெரிக்காவில் பல பெரிய வெப்ஸைட்டுகளைத் திணற அடித்தது. ஐந்து, எதை மாட்டினாலும் வீட்டில் வயசில் மூத்தவரைக் கூப்பிட்டு, இன்டர்நெட்டை அணைத்துவிட்டு, "இப்ப லைட் போடுங்க பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அவரால் முடியவில்லை என்றால் உங்கள் வீடு இன்னும் ஸ்மார்ட் ஆகவில்லை.

செல்லோ டேப்புகளை நானே பிரித்தேன். பசை மட்டும் இன்னும் சுவிட்சில் ஒட்டுகிறது.

அப்பா ரூமிலிருந்து பாத்ரூம் போகும் நடையில், தரையோரமாக ஆள் நடமாட்டம் தெரிந்தால் எரிகிற குட்டி விளக்கு ஒன்று வைத்தேன். பேட்டரி போட்டது. வை-ஃபை கிடையாது, ஆப் கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. முந்நூறு ரூபாய்க்கும் கம்மி. வாங்கினதிலேயே மலிவு அதுதான், ஒரு நாளும் மக்கர் செய்யாததும் அதுதான்.

போன வாரம் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். மனைவியும் விழித்துக்கொண்டிருந்தாள். நடையில் விளக்கு எரிந்தது. அப்பா மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தார். விளக்கைத் தாண்டும்போது கொஞ்சம் குனிந்து, "தேங்க்ஸ்மா" என்றார்.

"மாமா, அதுக்குக் காது கிடையாது" என்றாள் மனைவி சிரித்துக்கொண்டே.

"அதான் ஒழுங்கா வேலை செய்யுது" என்றார் அப்பா.